கண்ணாடி வெட்டு

அந்த ஊர் நகரசபையில் மரங்களைப் பராமரிக்கிற ஆட்கள் மொத்தம் இருபத்திரண்டு பேர். கிளை வெட்டத் தெரிந்தவர் அதில் யார் என்று கேட்டால் இருபத்தொரு பேரும் ஒரே ஆளைத்தான் கைகாட்டுவார்கள். காட்ட மறந்தால் அவரே காட்டிக்கொள்வார்.

கண்ணாடி மேஸ்திரி என்று அவரைக் கூப்பிடுவார்கள். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் மூக்குக்கண்ணாடி போட்ட ஆளைத் தேடிக் கிடங்கு முழுக்கச் சுற்றுவதுண்டு. அவர் கண்ணாடி போட்டதே கிடையாது. ஐம்பத்தொன்பது வயதிலும் நாற்பதடி உயரத்தில் பட்டை வெடித்திருந்தால் தரையில் நின்றபடியே சொல்லிவிடுகிற கண் அது. பெயர் வந்தது வெட்டால். கிளையை அடிமரத்தோடு ஒட்ட, நூல் கனம்கூட மிச்சம் வைக்காமல் அறுத்து, மேலே தார் பூசிவிட்டு இறங்கினால், வெட்டின இடம் கண்ணாடி மாதிரி இருக்கும். குனிந்து தலை வாரிக்கொள்ளலாம் என்பார்.

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் அவரை விட்டதா, அவர் பள்ளிக்கூடத்தை விட்டாரா என்பது கேட்கிற ஆளைப் பொறுத்து மாறும். மாறாத கதை ஒன்று உண்டு. சிபாரிசு என்று ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லாமல் வந்து, மற்றவர்கள் வெட்டிப்போட்ட கிளைகளை ஒன்பது வருஷம் லாரிக்கு இழுத்து, பிறகு ஒருநாள் ஆள் குறைந்தபோது இடுப்பு பெல்ட்டைக் கட்டிக்கொண்டு மேலே ஏறினவர். அதற்குப் பிறகு இறங்கவில்லை என்றுதான் சொல்லிக்கொள்வார். ஏறின பிறகான முப்பத்தொரு வருஷத்தில் தன் கை பட்ட மரம் ஒன்றுகூடச் சாய்ந்ததில்லை, எந்தத் தெருவில் எந்த மரத்தில் எந்தப் பக்கத்துக் கிளையை எடுத்தேன் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன் என்பார். அதில் பொய் இல்லை. லாரி போகிற வழியெல்லாம் விரலை நீட்டிச் சொல்லிக்கொண்டே வருவார். லாரி ஓட்டுபவர் பாட்டுப் பெட்டியின் சத்தத்தைக் கூட்டிவைப்பார்.

ஆபீசில், அதிகாரியம்மாவின் நாற்காலிக்குப் பின்னால், சட்டம் போட்ட ஒரு போட்டோ தொங்கியது. பதினாலு வருஷத்துக்கு முன்னால் எடுத்தது. ஏணியில் நின்றுகொண்டு, அப்போதுதான் வெட்டின வட்டத்தின் மேல் உள்ளங்கையை வைத்து மேஸ்திரி சிரிக்கிறார். நூலகத் தெருவின் மூன்றாவது மரம். அது எந்த மரம் என்று இப்போது இருக்கிற அதிகாரியம்மாவுக்குத் தெரியாது. மேஸ்திரிக்குத் தெரியும்.

அந்த மரம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு, காற்று கொஞ்சம்கூட இல்லாத நேரத்தில், நடுவில் முறிந்து விழுந்தது.

நிழலில் பெட்டி வைத்துச் சாவி வெட்டிக்கொண்டிருந்த சாவிக்காரரின் குடை முதலில் மடங்கியது. அதனால் உயிர் பிழைத்தார். வலது மணிக்கட்டு இரண்டு இடத்தில் உடைந்தது. மேஸ்திரியின் ஆட்கள் போய்ச் சேர்ந்தபோது ஆளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போயிருந்தார்கள். தெரு முழுக்க இலையும், இலைக்கு நடுவே நூற்றுக்கணக்கில் வெட்டாத சாவிகளும் சிதறிக் கிடந்தன.

முறிந்த இடத்தை யாரும் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டு மேஸ்திரியே செயின் வாளை எடுத்தார். பெரியவர் பொறுப்பாகச் செய்கிறார் என்று மற்றவர்கள் ஒதுங்கினார்கள். உண்மையில் அவர் தூரத்திலிருந்தே பார்த்துவிட்டார். முறிவு, வெட்டின வட்டத்தின் நேர் பின்னால் இருந்தது. வாளை இறக்கினதும் மரத்தூள் வெள்ளையாக வரவில்லை, பழுப்பாக வந்தது. துண்டைப் புரட்டினார். வெளியே அவருடைய வட்டம், அதன் மேல் அவர் பூசின தார், இன்னும் கறுப்பாக, இன்னும் மழமழவென்று இருந்தது. உள்ளே விரலை வைத்தால் ஊறின ரொட்டி மாதிரி உதிர்ந்தது. உதிர்ந்த பாதை வட்டத்தில் தொடங்கி, புனல் கவிழ்த்த மாதிரி அகலமாகிக் கீழே இறங்கியிருந்தது. எழுத்துக் கூட்டிப் படிக்கிற ஆளுக்கும் புரிகிற மாதிரி எழுதியிருந்தது.

அந்தத் துண்டைக் கிளை அரைக்கிற மெஷினுக்குப் போடச் சொன்னார். கனம் அதிகம், பல் உடைந்துவிடும் என்று மெஷின்காரர் வாங்கவில்லை. லாரியில் இலைகளுக்கு அடியில் தள்ளினார். சாயங்காலம் சாக்கில் கட்டி வீட்டுக்குக் கொண்டுபோய், பின்பக்க பால்கனி மூலையில் வைத்தார். எதற்கு என்று மனைவி கேட்டதற்கு, உட்கார ஒரு முக்காலி செய்யப்போகிறேன் என்றார். அவர் வாழ்க்கையில் முக்காலி செய்ததில்லை என்பது அந்த அம்மாளுக்குத் தெரியும். இருந்தாலும் மறுநாளே சாக்கு மேல் துணி அலசுகிற பேசினைத் தூக்கி வைத்துவிட்டார்.

மரம் விழுந்ததற்கு யார் பொறுப்பு என்று ஆபீசில் தேட அரைமணி நேரம்கூட ஆகவில்லை. இரண்டு மாதத்துக்கு முன்னால் அந்தத் தெரு மரங்களைப் பரிசோதித்து நிரப்பின அச்சுப் பாரம் இருந்தது. பாரத்தில் ஒவ்வொரு மரத்துக்கும் இரண்டு கட்டம். இடது கட்டம், மரம் நன்றாக இருக்கிறது. வலது கட்டம், மறுபடி பார்க்க வேண்டும். மூன்றாவது மரத்துக்கு இடது கட்டத்தில் குறி போட்டு, கீழே கையெழுத்தும் போட்டிருந்தவர் மேஸ்திரியின் தங்கை புருஷன்.

அவரை இந்த வேலைக்குக் கொண்டுவந்தவரே மேஸ்திரிதான். வீட்டில் அவர் மாப்பிள்ளை, வாங்க போங்க. கிடங்கு கேட்டைத் தாண்டினால் வா போ, கயிறைப் பிடி. அந்த மனிதரும் வீட்டில் மச்சான் என்பார், வேலையிடத்தில் மேஸ்திரி என்பார், ஒருநாளும் மாற்றிச் சொன்னதில்லை. ஏழு வருஷம் தற்காலிக ஆளாக இருந்துவிட்டு, இந்த வருஷம்தான் நிரந்தரமாகப் போகிறார். அல்லது, போவதாக இருந்தார்.

பரிசோதனை நடந்த அன்றைக்கு என்ன நடந்தது என்று மேஸ்திரிக்கு வார்த்தைக்கு வார்த்தை ஞாபகம் இருந்தது. மறக்க ஆசைப்பட்டால்கூட அவர் மண்டை எதையும் மறப்பதில்லை. கொட்டாப்புளி என்கிற மரச்சுத்தியலால் அடிமரத்தைத் தட்டி, காதை வைத்துக் கேட்பதுதான் முறை. நல்ல மரம் கெட்டியாகப் பதில் சொல்லும். உள்ளே கெட்ட மரம் காலிப் பானை மாதிரி பேசும். மாப்பிள்ளை மூன்றாவது மரத்தைத் தட்டினார், காதை வைத்தார், மறுபடி தட்டினார். பிறகு தெருமுனையில் லாரியருகே நின்ற மேஸ்திரியிடம் வந்தார்.

"மேஸ்திரி, இந்தத் தழும்புக்குக் கீழ சத்தம் சரியில்ல. வலது கட்டத்துல போட்டுடறேன்."

"அது யார் வெட்டுன்னு தெரியுமா?"

"தெரியும். அதான் உங்ககிட்ட சொல்லிட்டுப் போடறேன்."

"தெரிஞ்சும் தட்டிக்கிட்டு நிக்கறியா? அதுல எறும்பு மூக்க நுழைக்கக்கூட இடம் கிடையாது. இடது பக்கம் போட்டுட்டு வா, லாரி நிக்குது."

மாப்பிள்ளை கொஞ்ச நேரம் மரத்தைப் பார்த்தார். பிறகு போட்டார்.

அதுகூடப் பரவாயில்லை என்று மேஸ்திரி தனக்குள் வாதாடிப் பார்த்தார். தெரியாமல் சொன்னது. ஆனால் தெரியாமல் என்று சொல்லவும் வழியில்லை. பதினோரு வருஷத்துக்கு முன்னால் வெளியூரிலிருந்து ஒரு பயிற்சியாளர் வந்து, கிடங்கில் பெஞ்சு போட்டு எல்லாரையும் உட்காரவைத்து, படம் காட்டி விளக்கினார். கிளை புறப்படுகிற இடத்தில் சின்னப் புடைப்பு இருக்கும், கழுத்து மாதிரி. மரம் தன் காயத்தை மூடுவது அங்கிருந்துதான். அந்தக் கழுத்தை விட்டு வெளியே வெட்டுங்கள். ஒட்ட வெட்டினால் காயம் மூடாது, உள்ளே அழுகும். தார் பூசாதீர்கள், ஈரம் உள்ளேயே நிற்கும். கடைசி பெஞ்சில் வேர்க்கடலை தின்றுகொண்டிருந்த மேஸ்திரி, ஐயா எத்தனை மரம் ஏறியிருப்பீர்கள் என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். பயிற்சியாளரும் சிரித்துக்கொண்டே, "ஏறினது கம்மிதாங்க. விழுந்தது நெறைய பாத்திருக்கேன்" என்றார். அதற்கு யாரும் சிரிக்கவில்லை.

அதற்குப் பிறகு உத்தரவு வந்தது. எல்லாரும் கழுத்தை விட்டு வெட்டினார்கள். மேஸ்திரி அதைப் பரு என்றார். மரத்தின் முகத்தில் பரு வைத்துவிட்டு இறங்குகிறவன் எல்லாம் ஒரு ஆளா என்பார். அதிகாரிகள் நிற்கிற இடத்தில் அவரும் பரு வைத்தார். இல்லாத இடத்தில் கண்ணாடிதான்.

முதல் விசாரணை புதன்கிழமை நடந்தது. தட்டிப் பார்த்தீர்களா என்று அதிகாரியம்மா கேட்டார். தட்டினேன், நன்றாக இருக்கிறது என்று நினைத்துப் போட்டேன் என்றார் மாப்பிள்ளை. அவ்வளவுதான். கதவருகில் நின்ற மேஸ்திரி பக்கம் திரும்பக்கூட இல்லை. மேஸ்திரி வாயைத் திறந்தார். ஒரு இருமல்தான் வந்தது. அதிகாரியம்மா அவருக்குத் தண்ணீர் கொடுக்கச் சொன்னார். அந்த அம்மாவின் தலைக்கு மேலே, போட்டோவில், பதினாலு வருஷம் இளைய மேஸ்திரி சிரித்துக்கொண்டிருந்தார். மாப்பிள்ளையை வேலையிலிருந்து நிறுத்திவைத்து, அடுத்த வாரத்துக்கு அடுத்த திங்கட்கிழமை முடிவு சொல்வதாக எழுதினார்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மேஸ்திரி வீட்டில் சீட்டாட்டம் உண்டு. மேஸ்திரி, மாப்பிள்ளை, லாரி ஓட்டுபவர், மாடி வீட்டுக்காரர் என்று நாலு பேர். ஜெயிக்கிறவர் அநேகமாக மேஸ்திரி. ஜெயிக்காத அன்றைக்குச் சீட்டைக் குறைசொல்வார். இந்த ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வரமாட்டார் என்று நினைத்தார். வரக்கூடாது என்று வேண்டிக்கொண்டார் என்றாலும் தப்பில்லை. மாப்பிள்ளை வழக்கமான நேரத்துக்கு வந்தார். கூடவே தங்கையும் வந்தாள்.

தங்கை அழவில்லை. அழுதிருந்தால் ஆறுதல் சொல்லித் தப்பித்திருக்கலாம். டீ தம்ளரை அண்ணன் கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அண்ணே, நீங்க அந்தம்மாகிட்ட ஒரு வார்த்தை பேசினா போதும். அங்க உங்க பேச்சை யாரு தட்டப்போறா? நீங்க இருக்கீங்கன்னுதான் நான் ராத்திரி தூங்கறேன்."

"உங்க அண்ணனை இதுல இழுக்காத" என்றார் மாப்பிள்ளை. சொல்லிவிட்டுச் சீட்டைக் கலைக்க ஆரம்பித்தார்.

அன்றைக்கு மேஸ்திரி ஆறு ஆட்டமும் தோற்றார். சீட்டைக் குறைசொல்லவில்லை. லாரி ஓட்டுபவர், மேஸ்திரிக்கு உடம்பு சரியில்லை போல, வெயிலில் காயப்போடுங்கள் என்று மேஸ்திரி மனைவியிடம் சொல்லிவிட்டுப் போனார்.

கை கழுவ மாப்பிள்ளை பின்பக்க பால்கனிக்குப் போனபோது மேஸ்திரியும் பின்னாலேயே போனார். மாப்பிள்ளை குழாயைத் திறந்தார். அவர் முழங்காலுக்குப் பக்கத்தில் பேசின். பேசினுக்கு அடியில் சாக்கு.

"ஏன் மாப்பிள்ளை, நான்தான் போடச் சொன்னேன்னு அங்க சொல்லியிருக்கலாமே."

மாப்பிள்ளை குழாயை மூடவில்லை. ரொம்ப நேரம் கை கழுவினார்.

"நீங்களே சொல்லுவீங்கன்னு நெனச்சேன் மச்சான்" என்றார். துண்டை எடுத்துத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அந்த வாரம் மேஸ்திரி ஒரு மரத்திலும் ஏறவில்லை. இடுப்பு வலி என்றார். தரையில் நின்று கயிறு பிடித்தார். கயிறு அவர் கையில் இருந்தது, கண் மட்டும் ஒவ்வொரு மரத்திலும் பழைய வட்டத்தைத் தேடிப் போய் நின்றது. முன்பு விரல் நீட்டிக் காட்டினது எல்லாம் இப்போது அவரைப் பார்த்து விரல் நீட்டுகிற மாதிரி இருந்தது. பள்ளிக்கூட வாசலில் இரண்டு. பஸ் நிற்கிற இடத்தில் ஒன்று. அதன் கீழே பெஞ்சு. பெஞ்சில் எந்நேரமும் யாராவது உட்கார்ந்திருந்தார்கள்.

வியாழக்கிழமை வேலை முடிந்து, அவர் கால் தானாக நூலகத் தெருவுக்குப் போயிற்று. சாவிக்காரர் கட்டுப்போட்ட கையைக் கழுத்தில் கட்டின துணித் தொட்டிலில் மாட்டிக்கொண்டு, மரம் இல்லாத வெயிலில், பெட்டியைத் திறந்து வைத்து உட்கார்ந்திருந்தார். இடது கையால் அரம் பிடித்து ராவிப் பழகிக்கொண்டிருந்தார். வந்தவரைத் தெரியவில்லை. என்ன வேண்டும் என்றார். ஒன்றும் தோன்றாமல் மேஸ்திரி வீட்டுச் சாவியை நீட்டி, இது மாதிரி ஒன்று என்றார்.

இடது கை வேலை, நேரம் ஆகும் என்றார் சாவிக்காரர். ஆகட்டும் என்று மேஸ்திரி எதிரில் குந்தினார். மரம் விழுந்ததாமே என்று பேச்சுக்குக் கேட்டார். ஊரில் எல்லாரிடமும் சொல்லிச் சொல்லி, சாவிக்காரருக்கு அந்தக் கதை நன்றாக உருண்டிருந்தது. கடைசியில் அவர் குரலைத் தணித்துக்கொண்டார்.

"அந்த மரத்துல ஒரு தழும்பு இருந்துச்சுங்க. ரவுண்டா, அவ்வளவு சுத்தமா. கிராக்கி இல்லாத நேரத்துல அதைத்தான் பாத்துட்டிருப்பேன். எவனோ ஒருத்தன் கை. நானும் அறுக்கற தொழில்தான, எனக்குத் தெரியும். நல்ல கைங்க அது."

மேஸ்திரி தரையில் கிடந்த இரும்புத்தூளைப் பார்த்துக்கொண்டிருந்தார். முப்பத்தொரு வருஷமாக யாராவது இப்படிச் சொல்லமாட்டார்களா என்று காதைத் தீட்டிக்கொண்டு திரிந்தவர். யாரும் கேளாமலே, ஒரு தொழில்காரன் வாயால், இன்றைக்குத்தான் வந்தது.

போன மழையில் அந்தத் தழும்புக்கு அடியில் ஒரு காளான் முளைத்தது என்று சாவிக்காரரே தொடர்ந்தார். அப்புறம் உங்கள் மாதிரி காக்கிச் சட்டை போட்ட ஒருவர் வந்து தட்டித் தட்டிப் பார்த்தார், பாவம், நோயாளி நெஞ்சில் காதை வைக்கிற டாக்டர் மாதிரி வெகுநேரம் கேட்டார். அவரைத்தான் வேலையை விட்டு நிறுத்திவிட்டார்களாமே. அது எனக்கு ஒப்பவில்லை, பார்த்தவரை நிறுத்தினால் பார்க்காதவரை என்ன செய்வது என்று கேட்டுவிட்டு, சாவியை ஊதிக் கொடுத்தார்.

அந்தச் சாவி வீட்டுப் பூட்டில் நுழைந்தது, திரும்பவில்லை. மேஸ்திரி பழைய சாவியால் திறந்து உள்ளே போனார். இடது கையால் வெட்டின சாவியை அவர் எறியவில்லை, சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டார்.

உள்ளே மனைவி பேசினைக் கீழே இறக்கிவைத்து, சாக்கை அவிழ்த்திருந்தார். துண்டிலிருந்து எறும்பு வரிசையாகப் புறப்பட்டுச் சமையலறை வரைக்கும் போயிருந்தது. எறும்பு மூக்கை நுழைக்க இடம் கிடையாது என்று தான் சொன்னது மேஸ்திரிக்கு நினைவு வந்தது. அந்த அம்மாள் மரத்தைப் பற்றி ஒன்றும் அறியாதவர். ஆனால் இருபத்தெட்டு வருஷமாகச் சாப்பாட்டோடு சாப்பாடாக அந்த வெட்டின் பெருமையையும் பரிமாறிக்கொண்டவர். கறுப்பு வட்டத்தைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது.

"இது உங்களுது."

"ஆமா."

"அந்த மரமா?"

அவர் தலையசைத்தார்.

மனைவி விளக்குமாற்றால் எறும்புகளைக் கூட்டினார். கூட்டிக்கொண்டே, குனிந்த தலை நிமிராமல், உங்கள் தங்கை காலையில் வந்தாள், அண்ணன் பேசிட்டாரா என்று கேட்டாள், பேசியிருப்பார் என்று சொல்லி அனுப்பினேன் என்றார். பிறகு, "என்னையும் பொய்க்காரி ஆக்கிட்டீங்க" என்றார்.

திங்கட்கிழமை மேஸ்திரி லாரி வரும்வரை காத்திருக்கவில்லை. துண்டைச் சாக்கோடு தோளில் போட்டுக்கொண்டு நடந்தே போனார். இருபது கிலோ இருக்கும். கிளை இழுத்துப் பழகின தோளுக்கு அது ஒன்றுமில்லை. இருந்தும் மூன்று இடத்தில் இறக்கிவைத்தார். ரிடையர் ஆக இன்னும் எட்டு மாதம். எட்டு மாதம் வாயை மூடிக்கொண்டிருந்தால் மாலை போட்டு, போட்டோவைப் பெரிதாக்கிக் கையில் கொடுத்து அனுப்புவார்கள். மூன்றாவது தடவை இறக்கினபோது அப்படியே குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டால் என்ன என்று தோன்றியது. தொட்டி காலியாகத்தான் இருந்தது. மறுபடி தோளில் ஏற்றினார்.

ஆபீசில் மாப்பிள்ளை துவைத்த சட்டையோடு நின்றிருந்தார். மேஸ்திரி யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. நாற்காலிக்குப் பின்னால் போய் எட்டிப் போட்டோவைக் கழற்றினார். சுவரில் சதுரமாக வெளுத்த இடம் தெரிந்தது. போட்டோவை மேஜையில் வைத்து, பக்கத்தில் சாக்கை அவிழ்த்தார். அதிகாரியம்மாவின் காகிதங்களின் மேல் பழுப்புத்தூள் கொட்டியது.

"இந்தப் படத்துல இருக்கிற வெட்டும் இதுவும் ஒண்ணும்மா. இவரு வலது கட்டத்துல போடப் போனாரு. நான்தான் மாத்திப் போடச் சொன்னேன். விழுந்த அன்னிக்கே இதைப் பாத்துட்டேன். பாத்துட்டு வீட்டுல ஒளிச்சு வச்சிருந்தேன்."

இவ்வளவையும் ஒரே மூச்சில் சொன்னார். நிறுத்தினால் தன் பெருமை ஏதாவது ஒன்றை நடுவில் சொருகிவிடுவோமோ என்று அவருக்கே பயம்.

அதிகாரியம்மா துண்டைப் புரட்டிப் பார்த்தார். விரலை உள்ளே விட்டார், எடுத்தார், கைக்குட்டையில் துடைத்தார். கோபப்படுவார் என்று மேஸ்திரி காத்திருந்தார். அவர் கேட்டது வேறு.

"இது மாதிரி ஊர்ல எத்தனை இருக்கு மேஸ்திரி?"

ஒரு காலத்தில் அந்தக் கேள்விக்காக அவர் ஏங்கியிருந்தார்.

"எல்லாம் ஞாபகம் இருக்கும்மா" என்றார்.

மேஸ்திரி பதவி போயிற்று. மாலையும் இல்லை, பெரிதாக்கின போட்டோவும் இல்லை. மாப்பிள்ளையைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். ஆனால் ஒருமுறை குறியைக் கட்டம் மாற்றிப் போட்டதற்காக நிரந்தரம் இன்னும் ஒரு வருஷம் தள்ளிப்போனது. தங்கையும் மாப்பிள்ளையும் அதற்குப் பிறகு அண்ணன் வீட்டுக்கு வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை மூன்று பேருக்குச் சீட்டாட்டம் நிறையவில்லை. லாரி ஓட்டுபவர் வேறு இடம் தேடிக்கொண்டார். மிச்சமிருக்கிற எட்டு மாதத்துக்கும் ஒரே வேலைதான் கொடுத்தார்கள். தன் வெட்டு ஒவ்வொன்றையும் காட்ட வேண்டும். பார்த்து எழுதுவதற்கு மாப்பிள்ளை.

முதல்நாள் பள்ளிக்கூட வாசலிலிருந்து தொடங்கினார்கள். வகுப்பு நடக்கிற நேரம், வாசலில் யாரும் இல்லை. மேஸ்திரி தெருப்பக்கத்து மரத்தின் முன்னால் நின்று, பத்தடி உயரத்தில் இருந்த வட்டத்தைக் காட்டினார். பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் வெட்டினது. மழமழவென்றுதான் இருந்தது. பழக்கதோஷத்தில் கொட்டாப்புளிக்குக் கையை நீட்டினார்.

மாப்பிள்ளை கொடுக்கவில்லை.

"எதுன்னு நீங்க காட்டுங்க மேஸ்திரி. கேக்கறதை நான் கேக்கறேன்."

தட்டினார். காதை வைத்தார். இன்னும் கொஞ்சம் கீழே தட்டினார். மேஸ்திரிக்கு இரண்டடி தூரத்திலிருந்தே சத்தம் கேட்டது, கேட்காத மாதிரி நின்றார். மாப்பிள்ளை பாரத்தைத் தொடையில் வைத்துப் பேனாவைத் திறந்தார். பாரத்தில் இருக்கிற எழுத்தெல்லாம் மேஸ்திரிக்குக் கூட்டிக் கூட்டித்தான் வரும். கட்டங்கள் இரண்டும் எதற்கு என்று நன்றாகத் தெரியும். சட்டைப் பையில் திரும்பாத சாவியை இறுகப் பிடித்துக்கொண்டு, பேனா முனையையே பார்த்தார்.

அது வலது பக்கம் போயிற்று.

"அடுத்தது" என்றார் மாப்பிள்ளை.

மேஸ்திரி முன்னால் நடந்தார்.